வயலுக்குப் படிப்பு, வேலை மேஜையில்!

"டாக்டர் சீட்டு கிடைக்கலேன்னா விவசாயம் போட்டுவை."

பிளஸ்-2 ரிசல்ட் வந்ததும் பல வீடுகளில் கேட்கும் பேச்சு இது. ஒரு சென்ட் நிலம் இல்லாத நகரத்துப் பிள்ளைகளும் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்கு மனுப் போடுகிறார்கள். ஏர் பிடிக்கவா போகிறார்கள்? இல்லை.

பி.எஸ்சி. விவசாயத்துக்கு "நீட்" கிடையாது. மாநில இடங்களுக்குப் பிளஸ்-2 மார்க்கை வைத்துத்தான் சீட்டு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2021 முதல் 7.5 சதவீத ஒதுக்கீடும் உண்டு.

இது நேற்று முளைத்த படிப்பு அல்ல. சென்னை சைதாப்பேட்டையில் 1868-ல் விவசாயப் பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். (இன்று அந்தப் பக்கம் பஸ்சில் போகிறவர்கள் நம்ப மாட்டார்கள்!) 1906-ல் அது கோவைக்குப் போனது. 1971-ல் பல்கலைக்கழகம் ஆனது.

சேற்றில் இறங்கணும்

படிப்பு 4 வருடம். மண், உரம், விதை, பூச்சி, பயிர் நோய், பண்ணைக் கணக்கு எல்லாம் உண்டு. துண்டு நிலம் கொடுத்து, நடவு முதல் அறுவடை வரை செய்யச் சொல்கிறார்கள். பேண்ட்டை மடித்துக்கொண்டு இறங்கினால்தான் மார்க். இறுதி ஆண்டில் கிராமத்தில் தங்கிப் படிக்க வேண்டும். விவசாயி கேட்கிற கேள்விக்கெல்லாம் புத்தகத்தில் பதில் இல்லை என்பது அங்கேதான் தெரியும்.

படித்து முடித்தால்?

இங்கேதான் கதை மாறுகிறது. விவசாயக் கடன் பார்க்க பாங்கிகள் தனி அதிகாரிகளை எடுக்கின்றன. அதற்கு இந்தப் பட்டம் வேண்டும். தேர்வாணையம் மூலம் வேளாண்மை அலுவலர் ஆகலாம். உரக் கம்பெனி, விதைக் கம்பெனி இருக்கிறது. கலெக்டர் பரீட்சைக்கு உட்காருகிறவர்களும் உண்டு.

ஆனால், வரப்பில் வந்து நின்று விவசாயியிடம் பேசுகிற உதவி அலுவலர் வேலைக்கு டிப்ளமா போதும். ஆக, அதிகம் படித்தவர் ஆபீசில், குறைவாகப் படித்தவர் வயலில்!

பிள்ளைகள் மேல் தப்பு சொல்ல முடியுமா? மழை பொய்த்தாலும் 1-ந் தேதி சம்பளம் வருகிற வேலையைத்தானே தேடுவார்கள். அப்பா கடனுக்கு அலைந்ததைக் கண்ணால் பார்த்த விவசாயி மகன் முதல் ஆளாகப் பாங்கி பரீட்சை எழுதுகிறான். விளைச்சலுக்குக் கட்டுப்படியான விலை கிடைக்காதவரை இது மாறாது.

பெற்றோர் கவனிக்க வேண்டியது பீஸ். பல்கலைக்கழகத்தின் சொந்தக் கல்லூரிகளும் உண்டு, இணைப்புப் பெற்ற தனியார் கல்லூரிகளும் உண்டு. பட்டம் ஒன்றுதான், தனியாரில் பீஸ் அதிகம். கவுன்சிலிங்கில் கல்லூரிப் பெயர்களை வரிசையாகக் கொடுப்பதற்கு முன்பே எது எந்த வகை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.