25-க்கு 9: அது மார்க் இல்லை, அட்டெண்டன்ஸ்!

ஞாயிற்றுக்கிழமை காலையில் தர்மபுரியிலிருந்து வத்தல்மலைக்கு ஏறும் பைக் கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் முட்டி ரோட்டில் உரசுகிற மாதிரி ஒரு சாய்ப்பு. ஹெல்மெட் மேல் கேமரா வேறு. மேலே போய் டீ கிளாஸைக் கையில் எடுத்ததும் ரேஸ் பேச்சு ஆரம்பிக்கும். ஷூமேக்கர், ஹாமில்டன் எல்லாம் முடிந்து கடைசியில் ஒரு கோயம்புத்தூர்க்காரர் தலை உருளும்.

"நரேன் கார்த்திகேயனா? எஃப்-1ல ஒண்ணும் முடியல, அமெரிக்கா போய் லாரி ஓட்டினார். அதுவும் லெஃப்ட் மட்டும் திரும்புற ரேஸ். அதையாவது முழுசா ஓட்டினாரா?"

மூன்றே வரியில் மூன்று குற்றச்சாட்டு. பிரித்து மேயலாம்.

முதலில் லாரி. 2010-ல் அவர் ஓட்டியது நாஸ்காரின் ட்ரக் தொடர். ட்ரக் என்றதும் பெங்களூர் ரோட்டில் போகிற பதினாறு சக்கர வண்டியை நினைத்தால் அது நினைத்தவர் தப்பு. மேலே பிக்-அப் வண்டியின் உருவம், உள்ளே குழாய்களால் கட்டிய சட்டமும் வி-8 எஞ்சினும். ஸ்டாக் கார் குடும்பத்தில் அதுவும் ஒன்று.

இரண்டாவது லெஃப்ட். அவருடைய முதல் நாஸ்கார் போட்டி 2010 மார்ச் 27-ம் தேதி மார்ட்டின்ஸ்வில்லில் நடந்தது. ஒரு சுற்று 850 மீட்டர்கூட வராது. அப்படி 250 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முனையில் பிரேக்கை மிதித்து, முன்னும் பின்னும் பக்கத்திலும் ஒன்றரை டன் வண்டிகள் இடித்துக்கொண்டு நிற்க, மறுபடி வேகம் பிடிக்க வேண்டும். மொத்தம் 36 வண்டிகள். இந்தியாவில் பிறந்து நாஸ்காரில் ஓட்டிய முதல் ஆள், முதல் நாளே 13-வதாக முடித்தார். லெஃப்ட் மட்டும் திரும்புவது அவ்வளவு சுலபம் என்றால் அவருக்குப் பின்னால் வந்த 23 பேரும் ரைட்டிலா திரும்பினார்கள்?

மூன்றாவதுதான் மெயின் மேட்டர். அந்த வருடம் தொடரில் 25 ரேஸ். அவர் ஓட்டியது 9. "பார்ட் டைம்" என்ற இளக்காரம் இங்கிருந்துதான் வருகிறது.

மோட்டார் ரேஸை விளையாட்டாக மட்டும் பார்த்தால் இந்த இளக்காரம் நியாயமாகத் தெரியும். கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்த்தால் தெரியாது. வண்டி, எஞ்சின், டயர், மெக்கானிக் சம்பளம், ஊர் ஊராக வண்டியை ஏற்றிப் போகிற செலவு எல்லாம் ரேஸில் ஜெயித்தாலும் தோற்றாலும் வந்தே தீரும். இதைக் கட்டுவது வண்டியின் மேல் பெயர் எழுதுகிற ஸ்பான்சர். சின்ன டீம்களில் எத்தனை ரேஸ் என்பதைப் பெரும்பாலும் ஓட்டுநரின் கை முடிவு செய்வதில்லை, ஸ்பான்சரின் செக் முடிவு செய்கிறது. ஓடாத ரேஸுக்குப் பாயிண்ட் பூஜ்யம். பிறகு தரவரிசையைக் காட்டி "பார்த்தீங்களா, எங்கேயோ கிடக்கிறார்" என்றால் எப்படி?

25-க்கு 9 என்பது மார்க் இல்லை, அட்டெண்டன்ஸ். ஃபீஸ் கட்டினால்தான் கிளாஸுக்குள் விடுவார்கள்.

"அப்படியென்றால் நம்மூர் கம்பெனிகள் கொடுத்திருக்கலாமே?" என்று கேட்கலாம். அமெரிக்காவில் ஒரு சோப்புகூட விற்காத கம்பெனி, அந்த ஊர் வண்டியில் பெயர் எழுதி என்ன லாபம் பார்க்கும்? அதன் முடிவு வியாபாரக் கணக்கில் சரிதான். சரியாகவே இருக்கட்டும். ஆனால் அந்தக் கணக்கின் விடையை ஓட்டுநரின் திறமை என்று எழுதாதீர்கள்.

அவர் என்னமோ உலக சாம்பியன் என்று யாரும் சொல்லவில்லை. 2005-ல் இண்டியானாபோலிஸில் 4-வதாக வந்தபோது ஓடியது ஆறே கார். எஃப்-1-ல் அவர் எடுத்த 5 பாயிண்டும் அன்றைக்கு வந்ததுதான். இதை மறைக்க வேண்டியதில்லை.

அதே நியாயத்தோடு 2011-யும் பார்க்க வேண்டும். எச்.ஆர்.டி. அணியில் சீசன் நடுவில் அவருடைய சீட் டேனியல் ரிக்கார்டோவுக்குப் போனது. அக்டோபர் 30-ம் தேதி இந்தியன் கிராண்ட் ப்ரீக்கு மட்டும் நரேன் அதே அணிக்குத் திரும்பி வந்தார். மாதக்கணக்கில் ரேஸ் ஓட்டாமல் வந்து உட்கார்ந்தவர் 17-வது. ரிக்கார்டோ 18-வது. அந்த ரிக்கார்டோ பிற்பாடு 8 எஃப்-1 ரேஸ் ஜெயித்தார். பார்ட் டைம் ஆள் யார், ஃபுல் டைம் ஆள் யார் என்று அன்றைய ரிசல்ட்டைப் பார்த்துச் சொல்ல முடியுமா?

இன்னொரு கொடுமையும் உண்டு. 2010-ல் அவருக்கு பத்மஸ்ரீ கிடைத்தது. அதே 2010-ல் ரசிகர்கள் ஓட்டுப் போட்டு, ட்ரக் தொடரின் மிகப் பிரபலமான ஓட்டுநராக அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அடுத்த வருடம் அந்தத் தொடரில் அவர் இல்லை. ஓட்டுப் போடக் காசு வேண்டாம், டயர் மாற்றக் காசு வேண்டும். வித்தியாசம் அவ்வளவுதான்.

இவர் ரேலி சாம்பியனின் மகன். அவருக்கே இந்தப் பாடு என்றால், அதே வத்தல்மலை வளைவுகளில் காபிக்கொட்டை மூட்டையோடு பிக்-அப் ஏற்றி இறக்குகிற பையனுக்கு? கை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் ஒரு கார்ட் வண்டிகூட அவனுக்கு எட்டாது. பார்ட் டைம் என்று கிண்டல் வாங்குகிற பாக்கியம்கூட அவனுக்குக் கிடையாது.

டீ குடித்துவிட்டு இறங்கும்போது அந்தப் பிக்-அப்புக்கு வழி விடுங்கள். அந்த ரோட்டில் நிஜமாகவே வண்டி ஓட்டத் தெரிந்தவன் அவன்தான்.