மேற்கோள் கணக்கில் வராத மலக்குழி

கண்ணாடி இழை உணரித் துறையில் ஓர் ஆய்வாளரை இன்று எடைபோடுவது இரண்டு எண்கள்: எத்தனை கட்டுரை, அவற்றுக்கு எத்தனை மேற்கோள். 2005இல் இயற்பியலாளர் ஜார்ஜ் ஹிர்ஷ் முன்வைத்த எச்-குறியீடு இரண்டையும் ஒன்றாக்கியது. 20 கட்டுரைகள் தலா 20 முறையாவது மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் குறியீடு 20. வேலை, பதவி உயர்வு, ஆய்வு நிதி எல்லாவற்றிலும் இந்த எண் பேசுகிறது.

இதில் நமக்கென்ன என்று கேட்கலாம். தலைமுடி போல் மெல்லிய இழையில் ஒளியை அனுப்பினால், மீத்தேன் அதில் குறிப்பிட்ட அலைநீளத்தை உறிஞ்சிக்கொள்ளும். எவ்வளவு ஒளி குறைகிறதோ, அதிலிருந்து வாயுவின் அளவு தெரியும். குழிக்குள் போகும் முனையில் மின்சாரமே இல்லை, தீப்பொறிக்கு வழியில்லை.

ஆனால் சேறும் ஈரமும் படிந்த குழியில் அந்த முனை எத்தனை மாதம் தாங்கும் என்று சோதிப்பது மெதுவான, நாற்றமடிக்கும் வேலை. அதற்கு மேற்கோள் குவியாது. மேற்கோள் காட்டுபவர் இன்னொரு ஆய்வாளர்தானே. குழியில் இறக்கப்படும் நம் உறவினர் அல்லவே!

வாயுவை அளந்துவிட்டு ஆளை இறக்கலாம் என்று நாம் சொல்லவில்லை. பாதுகாப்பின்றி இறக்குவது 2013 சட்டப்படி குற்றம். சாக்கடை மரணத்துக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சம் ரூபாயாக 2023இல் உயர்த்தியது உச்ச நீதிமன்றம். அது இறந்த பின் வரும் பணம்.

பொதுப்பணத்தில் ஆய்வு நிதி கேட்பவரிடம், கருவி எந்த ஊர்க் குழியில் எத்தனை நாள் வேலை செய்தது என்றும் கேட்க வேண்டும். ஆதிதிராவிடர் விடுதிகளில் தங்கி இயற்பியல் படிக்கும் நம் மாணவர்கள் இந்தக் கேள்வியைத் தங்கள் துறையிலேயே எழுப்பலாம்.