பத்துப் பைசா சோடா

போன ஞாயிறு அக்கா வீட்டில் மீன்குழம்பு. வில்லியனூரில் என் அக்கா சும்மா மீன்குழம்புக்குக் கூப்பிட மாட்டாள். ரெண்டாவது தடவை சாதம் போடும்போது விஷயம் வந்தது.

‘‘டேய், நீதான் பத்திரிகையில எல்லாம் எழுதறியே... உன் மருமகனுக்குக் கொஞ்சம் புத்தி சொல்லு. இருபது வயசாச்சு. பி.காம்.ல மூணு அரியர். பந்து பந்துன்னு அலையறான்!’’

மருமகன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். முழங்காலில் பிளாஸ்திரி. நானும் பி.காம்.தான். நானும் அரியர் வைத்தவன்தான். அது அவனுக்குத் தெரியாது என்ற தைரியத்தில் தொண்டையைக் கனைத்துக்கொண்டேன்.

‘‘பந்து சோறு போடுமாடா?’’

மாமாக்களுக்கென்றே எழுதிவைத்த வசனம் இது.

‘‘ஐ.எம்.விஜயனுக்குப் போட்டுச்சே மாமா!’’

‘திமிரு’ படத்தில் முறைத்துக்கொண்டு வந்தாரே, அந்த ஆசாமியா என்கிறீர்களா? அவரேதான். ‘பிகில்’ படத்திலும் வந்தார். நமக்கு அவர் வில்லன். கொல்கத்தாவில் கேட்டுப் பாருங்கள், ‘கறுப்பு மான்’ என்பார்கள்!

1969-ல் திருச்சூரில் பிறந்தவர். சின்ன வயதில் அங்கே முனிசிபல் ஸ்டேடியத்தில் சோடா விற்றார். பாட்டிலுக்குப் பத்துப் பைசா கிடைக்கும். அதே மைதானத்தில் பந்தும் ஆடினார். 17 வயதில் கேரளா போலீஸ் அணிக்குள் வந்துவிட்டார். அந்த அணி 1990, 1991 என்று அடுத்தடுத்து ஃபெடரேஷன் கோப்பையைத் தட்டிக்கொண்டு போனது.

அப்புறம் மோகன் பகான், ஜே.சி.டி., எஃப்.சி. கொச்சின், ஈஸ்ட் பெங்கால் என்று ஒரு ரவுண்டு. 1996-97-ல் முதல் தேசிய லீகை ஜே.சி.டி. ஜெயித்தபோது முன்வரிசையில் இவரும் பூட்டியாவும்! 1993, 97, 99 என்று மூன்று தடவை இந்தியாவின் சிறந்த வீரர். 1999 தெற்காசிய விளையாட்டில் பூடானுக்கு எதிராக 12-வது விநாடியில் கோல். நாம் டீயை ஊதி ஒரு வாய் குடிப்பதற்குள்!

‘‘எல்லாம் சரி. ஒண்ணை மறைச்சிட்டியே?’’ என்றேன். ‘‘ஆடி முடிச்சதும் எங்கே போனார்? திரும்பவும் போலீஸுக்கு! 2025 ஏப்ரல்ல அங்கேயிருந்துதான் ரிட்டயர் ஆனார். பத்மஸ்ரீயும் அதே வருஷம்தான். பந்து வேலை வாங்கித் தந்தது. வேலைதான் சோறு போட்டது. அவர் பதினேழுல உள்ளே வந்துட்டார். உனக்கு இருபது!’’

பையன் முகம் சுருங்கிவிட்டது. அடித்தது கொஞ்சம் பலமாகப் பட்டுவிட்டதோ என்று எனக்கே சங்கடம். அப்போதுதான் டீக்கடை சொல்தா பெரியவர் ஞாபகம் வந்தது. பிரான்ஸ் பென்ஷன் வாங்கிக்கொண்டு ஜெர்மன்காரனைப் புகழ்கிற ஆள், எனக்குத் தெரிந்து வில்லியனூரில் அவர் ஒருவர்தான். அவர் சொல்லும் ஹீரோ, மிரோஸ்லாவ் குளோஸே.

குளோஸே போலந்தில் பிறந்து ஜெர்மனிக்குக் குடிபோனவர். இருபது வயதில் ஒரு குட்டி ஊரின் கிளப்பில்தான் ஆடிக்கொண்டிருந்தார். ஆனால் தச்சு வேலையை முறையாகக் கற்று முடித்திருந்தார். 2002-லிருந்து 2014 வரை நாலு உலகக் கோப்பை, 16 கோல். பிரேசில் ரொனால்டோவின் 15-ஐப் பிரேசிலிலேயே, பிரேசிலுக்கு எதிராகவே தாண்டினார். விஜயன் ஆடிய இந்தியா ஒரு உலகக் கோப்பையையும் எட்டவில்லை. அது அவர் காலின் குற்றமா?

‘‘அதனால ஆடு. ஆனா தச்சு வேலையை முடி.’’

‘‘என்ன தச்சு வேலை மாமா?’’

‘‘அரியர்டா!’’

கொஞ்ச நேரம் யோசித்தான். ‘‘ஸ்போர்ட்ஸ் கோட்டாவுலகூட டிகிரி கேக்கறாங்க. எழுதறேன். ஆனா ஞாயித்துக்கிழமை மேட்ச்சை விடமாட்டேன்.’’

ஒப்பந்தம் ஆயிற்று. அக்கா எனக்கு இன்னொரு துண்டு மீன் வைத்தாள்.

‘‘எந்த பேப்பர்டா கஷ்டம்?’’

‘‘காஸ்ட் அக்கவுண்டிங். தினம் சாயங்காலம் நீங்களே சொல்லிக் குடுங்க மாமா.’’

தொண்டையில் முள் மாட்டியது மாதிரி இருந்தது. அந்தப் பேப்பரை நான் மூணு தடவை எழுதினவன்!

நேற்று பழைய புத்தகக் கடையில் அதற்கு ஒரு கைடு வாங்கியிருக்கிறேன். பையன் வருவதற்குள் முதல் பாடத்தையாவது படித்துவிட வேண்டும்.