பேரீச்சம்பழத்துக்குப் போட்ட விமானங்கள்

பழைய விமானம் கிலோ என்ன ரேட் தெரியுமா உங்களுக்கு? எட்டு ரூபாய்!

தமாஷ் இல்லை சார். 2014-ல் காபூல் விமான நிலையத்தின் ஓரமாக நின்றுகொண்டிருந்த 16 சரக்கு விமானங்களை உடைத்து நொறுக்கிப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். பவுண்டுக்கு ஆறு சென்ட். பவுண்டைக் கிலோவாக்கி, அந்த வருஷத்து டாலர் ரேட்டால் பெருக்கினால் எட்டு ரூபாய் சொச்சம் வருகிறது. நம் தெருவில் வரும் பழைய பேப்பர்க்காரர்கூட பேரம் பேசினால் அந்த ரேட்டுக்குப் படிவார். 16 விமானத்துக்கும் சேர்த்துக் கையில் வந்தது சுமார் 32,000 டாலர்.

சரி, வாங்கின விலை? மொத்தம் 20 விமானம் (மீதி நாலு ஜெர்மனியில் நின்றன). செலவு 48 கோடியே 60 லட்சம் டாலர்!

ஜி-222 என்று பெயர். இத்தாலிக்காரர்கள் செய்தது. அதுவும் புதுசு இல்லை, தட்டி ஒட்டிப் பெயின்ட் அடித்தது. அந்த மாடலின் தயாரிப்பே நின்று போயிருந்ததால் ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்காது. 'ஆப்கானிஸ்தானுக்கென்று ஒரு விமானப்படை உருவாக்கித் தருகிறோம்' என்று கிளம்பிய அமெரிக்கா இதைத்தான் வாங்கிக் கொடுத்தது. 2012-ல் ஜனவரி முதல் செப்டம்பர் வரை அவை பறந்திருக்க வேண்டியது 4,500 மணி நேரம். பறந்தது 234.

பி.காமில் எங்களுக்குத் தேய்மானம் என்று ஒரு பாடம் உண்டு. வாங்கிய விலையிலிருந்து கடைசியில் தேறும் ஸ்கிராப் விலையைக் கழித்து, ஆயுளால் வகுக்க வேண்டும். கணக்கில் ஸ்கிராப் விலை எப்போதும் பத்தாயிரம், இருபதாயிரம் என்று கௌரவமாக இருக்கும். 'வாங்கிய விலையில் பதினைந்தாயிரத்தில் ஒரு பங்கு' என்று கேள்வித்தாளில் வந்திருந்தால், அச்சுப்பிழை என்று சொல்லி சூபர்வைசரைக் கூப்பிட்டிருப்போம்.

இதையெல்லாம் நான் துப்பறிந்து கண்டுபிடிக்கவில்லை. ஆப்கானிஸ்தானில் கொட்டுகிற பணம் எங்கே போகிறது என்று பார்க்க அமெரிக்கப் பாராளுமன்றமே 2008-ல் ஒரு தனித் தணிக்கை அலுவலகத்தை உண்டாக்கியது. அதன் தலைவராக 2012-ல் வந்த ஜான் சாப்கோ என்பவர் காபூல் போனபோது, ஓரமாகத் துருப்பிடித்து நின்ற விமானங்களைப் பார்த்து, 'இது என்ன?' என்று கேட்டார். அவர் மேலே விசாரிப்பதற்குள் நொறுக்கி விற்றுவிட்டார்கள்!

சாப்கோ ஆபீஸ் வெளியிட்ட அறிக்கைகளைப் படித்தால் நம்ம ஊர் நகைச்சுவை நடிகர்கள் தோற்றார்கள். ஒன்றே ஒன்று சொல்கிறேன். ஆப்கான் ராணுவத்துக்கு யூனிஃபாரம் தைக்க வேண்டும். துணியில் என்ன டிசைன் போடலாம் என்று இன்டர்நெட்டில் பார்த்தபோது அந்நாட்டு பாதுகாப்பு அமைச்சருக்கு ஒன்று பிடித்துப் போய்விட்டது. கரும்பச்சையில் அடர்ந்த காடு டிசைன். தனியார் கம்பெனியின் காப்புரிமை உள்ளது, ஆகவே விலை கூடுதல். அதனாலென்ன, வாங்கு! ஆப்கானிஸ்தானில் காடு எவ்வளவு தெரியுமோ? மொத்த நிலத்தில் 2.1 சதவீதம். பாக்கியெல்லாம் மண்ணும் பாறையும். அந்த மண் நிறத்துக்கு நடுவே நம்ம ஜவுளிக்கடை பொம்மை மாதிரி பச்சையாய் நின்றுகொண்டு, 'என்னை யாரும் பார்க்கவில்லை' என்று ஒரு சிப்பாய் நினைத்துக்கொள்ள வேண்டும். இந்த ரசனைக்கு ஆன உபரிச் செலவு 2 கோடியே 80 லட்சம் டாலர் வரை இருக்கும் என்று 2017-ல் அறிக்கை சொன்னது.

ஏன் இப்படி? முட்டாள்தனம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நீங்கள் மிக்ஸி வாங்குகிறீர்கள். காசு உங்களுடையது, சட்னி அரைப்பதும் நீங்கள் (சரி, வீட்டம்மா). இரண்டாம் நாள் புகைந்தால் மூன்றாம் நாள் கடைக்காரர் சட்டையைப் பிடிப்பீர்கள். அந்த பயத்தில்தான் வியாபாரம் ஓரளவு ஒழுங்காக நடக்கிறது. இங்கே ஆர்டர் போடுகிறவர் வாஷிங்டனில் ஒரு ஜெனரல். ஓட்டுகிறவர் காபூலில் ஒரு பைலட். காசு கொடுக்கிறவர் ஒஹையோவில் வரி கட்டுகிற ஒரு பஸ் டிரைவர். இந்த மூன்று பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்ததே கிடையாது. விற்ற கம்பெனிக்கோ பில் பாஸாகிவிட்டது. விமானம் பறந்தாலென்ன, படுத்தாலென்ன?

ஆரம்பத்தில் விலையைப் பற்றிய ஞானம் இல்லாமல் இல்லை. 1998 ஆகஸ்டில் நைரோபியிலும் தார் எஸ் ஸலாமிலும் அமெரிக்கத் தூதரகங்களில் குண்டு வெடித்து 224 பேர் இறந்தார்கள். பதிலுக்கு கிளின்டன் 70-க்கு மேற்பட்ட டோமஹாக் ஏவுகணைகளை ஒரே நாளில் அனுப்பினார். பெரும்பகுதி ஆப்கானிஸ்தானில் கூடாரங்களின் மேல் விழுந்தது, பாக்கி சூடானில் ஒரு மருந்துத் தொழிற்சாலை மேல். பின் லேடன் அங்கே இல்லை. மருந்துத் தொழிற்சாலையில் மருந்து இருந்தது. அதை மனதில் வைத்துத்தான் போலிருக்கிறது, 2001 செப்டம்பரில் அதிபர் புஷ் செனட்டர்களிடம், 'பத்து டாலர் காலிக் கூடாரத்தின் மேல் இருபது லட்சம் டாலர் ஏவுகணையை விட்டு ஒட்டகத்தின் பிருஷ்டத்தில் அடிக்க மாட்டேன்' என்கிற அர்த்தத்தில் சொன்னதாகச் செய்தி வந்தது. அருமையான பேச்சு! எந்த காஸ்ட் அக்கவுண்டண்டும் கைதட்டுவார். ஒரு மாதம் கழித்து அவர் ஆரம்பித்த யுத்தம் இருபது வருஷம் ஓடியது.

எதிர்வீட்டுப் பெரியவர், ரிடையர்டு ஹெட்மாஸ்டர், இதை ஒப்புக்கொள்ள மாட்டார். "ஏம்ப்பா, மூவாயிரம் பேரைக் கொன்னுட்டான். கையைக் கட்டிக்கிட்டு உட்காரச் சொல்றியா?" என்பார்.

நியாயமான கேள்வி. அடிபட்டவன் சும்மா இருக்க முடியாது, சார். ஆனால் பின் லேடன் கடைசியில் எங்கே அகப்பட்டான்? 2011 மே மாதம், பாகிஸ்தானில், அபோட்டாபாத்தில், ராணுவ அகாடமிக்குப் பக்கத்து வீட்டில். போனது ஹெலிகாப்டரில் இரண்டு டஜன் வீரர்கள். வேலை முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. அந்த 20 சரக்கு விமானமும் காட்டு டிசைன் சட்டையும் இதற்கு எந்த விதத்தில் உதவின என்று கேட்டேன்.

"அது வேற, இது வேற" என்றார் பெரியவர். அதைத்தான் நானும் சொல்கிறேன்! தேடிப் போன ஆள் செத்த பிறகும் பத்து வருஷம் அந்த வேறு வேலை நடந்ததே?

உள்ளே போவது சுலபம். ரஷ்யாக்காரர்கள் 1979 டிசம்பரில் இதே ஆப்கானிஸ்தானுக்குப் போனார்கள், 1989 பிப்ரவரியில்தான் வெளியே வர முடிந்தது. நாமும் 1987 ஜூலையில் அமைதிப்படை என்று இலங்கைக்கு அனுப்பி, 1990 மார்ச்சில் சுமார் 1,200 ஜவான்களைப் பறிகொடுத்துத் திரும்பியவர்கள்தான். அங்கே வீட்டுக்குள் இருந்தபடியே செத்த பொதுமக்கள் கணக்கு தனி.

ரஷ்யா இருந்தபோது நடந்த ஒரு கூத்தையும் சொல்லிவிட வேண்டும். ரஷ்ய ஹெலிகாப்டர்களைச் சுட்டுத்தள்ள, தோளில் வைத்து விடுகிற ஸ்டிங்கர் ஏவுகணைகளை 1986-லிருந்து முஜாஹிதீன்களுக்கு அமெரிக்கா இனாமாகக் கொடுத்தது. இரண்டாயிரத்துக்கு மேல்! ரஷ்யா போன பிறகு அமெரிக்காவுக்கு அடிவயிறு கலங்கியது. நாளைக்கே நம் பயணி விமானத்தின் மேல் விட்டால்? உடனே, கொடுத்த ஸ்டிங்கரையெல்லாம் திரும்ப வாங்க ஆளனுப்பினார்கள், ஒரிஜினல் விலையைவிட அதிகம் கொடுத்து. சும்மா கொடுத்த சாமானை லாபத்துக்குத் திருப்பி விற்ற முஜாஹிதீனுக்கு எந்த யூனிவர்சிடியும் எம்.பி.ஏ. பட்டம் தரவில்லை.

இத்தனைக்கும் கணக்குப் பார்க்க ஆள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். பென்டகனின் மொத்த வரவு செலவையும் முதன்முதலாக முழுசாகத் தணிக்கை செய்தது 2018-ல். (ஆமாம், 2018! நம்ம ஊர்ப் பால் கூட்டுறவு சங்கத்துக்கே வருஷா வருஷம் ஆடிட் உண்டு.) அன்றிலிருந்து 2024 வரை ஏழு வருஷம், ஏழு ஆடிட். ஏழிலும் ஆடிட்டர்கள் எழுதிக் கொடுத்தது 'கருத்துச் சொல்ல இயலவில்லை'. ஆடிட் பாஷையில் இதற்கு அர்த்தம், 'ஐயா, தப்பா சரியா என்று சொல்வதற்குக்கூட உங்கள் புஸ்தகத்தில் போதுமான ஆதாரம் இல்லை.' கிட்டத்தட்ட 4 லட்சம் கோடி டாலர் சொத்து வைத்திருக்கிற இலாகா! ஒரு மளிகைக்கடைக்கு இப்படி ஒரு ரிப்போர்ட் வந்தால் பாங்க் மானேஜர் ஓவர் டிராஃப்டை மறுநாளே நிறுத்திவிடுவார். பென்டகனுக்கு பட்ஜெட் ஏறத்தான் ஏறுகிறது.

இருபது வருஷத்துக்கு மொத்தம் எவ்வளவு ஆச்சு? பிரௌன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2021-ல் போட்ட கணக்கு 2.3 லட்சம் கோடி டாலர். இதில் ஒரு பெரிய பகுதி வட்டி. யுத்தத்துக்கென்று தனி வரி போடாமல் கடன் வாங்கியே நடத்தினார்கள். வரி போட்டால்தானே அந்த பஸ் டிரைவர், 'எதுக்குய்யா?' என்று கேட்பார். உயிர்க் கணக்கு: அமெரிக்க வீரர்கள் 2,400-க்கு மேல், ஆப்கான் ராணுவமும் போலீசும் 60,000-க்கு மேல், பொதுமக்கள் 46,000-க்கு மேல். 2021 ஆகஸ்ட் 15-ல் தாலிபான் காபூலுக்குள் வந்தபோது, ஆப்கான் ராணுவத்துக்கென்று கொடுத்திருந்த தளவாடங்களில் சுமார் 700 கோடி டாலர் பெறுமானது அப்படியே அவர்கள் கைக்குப் போனது. இதைப் பழைய இரும்புக்குக்கூட போட முடியவில்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள், ஆகஸ்ட் 29. மூன்று நாள் முன்னால்தான் விமான நிலைய வாசலில் தற்கொலைப்படை ஆள் குண்டு வெடித்து 13 அமெரிக்க வீரர்களும் ஏராளமான ஆப்கானியர்களும் இறந்திருந்தார்கள். இன்னொரு குண்டு வருகிறது என்று பயம். காபூல் தெருக்களில் போன ஒரு வெள்ளை டொயோட்டா காரை ஆளில்லா விமானத்தின் காமிரா மணிக்கணக்காகப் பின்தொடர்ந்தது. ஓட்டியவர் ஏதோ கேன்களை ஏற்றினார், இறக்கினார். வெடிமருந்து என்று முடிவு கட்டினார்கள். கார் அவர் வீட்டு முற்றத்துக்குள் நுழைந்தது. அப்பா வந்துவிட்டார் என்று பிள்ளைகள் ஓடி வந்தார்கள். ஹெல்ஃபயர் என்கிற ஏவுகணை, ஒன்றின் விலை ஒரு லட்சம் டாலருக்கு மேல், குறி பிசகாமல் வந்து விழுந்தது.

பத்து பேர் போனார்கள். ஏழு பேர் குழந்தைகள். கார் ஓட்டியவர் அமெரிக்கத் தொண்டு நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தவர். கேனில் இருந்தது வீட்டுக்குக் கொண்டுவந்த தண்ணீர். 'பெரிய வெற்றி' என்ற தொனியில் முதலில் பேசிய பென்டகன், பத்திரிகைக்காரர்கள் கிளறிய பிறகு செப்டம்பர் 17-ந் தேதி, தவறு நடந்துவிட்டது என்று ஒப்புக்கொண்டது. அதற்காக யார் மேலும் நடவடிக்கை கிடையாது என்று டிசம்பரில் அறிவித்தது.