மறைந்தவர் பெயரும் வாழ்வோர் கடனும்

உயிரோடிருப்பவன்மீது பழி வருமாயின், அவன் மன்றேறி மறுமொழி சொல்லலாம், சான்று காட்டலாம், தன்னைக் குற்றஞ் சாட்டியவரை எதிர்நின்று வினவலாம். மறைந்தவனுக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. அவனுக்கு எஞ்சியிருப்பது பெயர் ஒன்றே. அதுவும் பிறர் கையில் அடைக்கலமாக இருப்பது. அப்பெயர்மீது குற்றஞ் சுமத்தப்படும்போது வாழ்வோர் செய்யத்தக்கது யாது என்னும் வினா இங்கிலாந்துத் திருச்சபையிலே 2015ஆம் ஆண்டு எழுந்து, அறிஞர் பலரை இரு கூறாக்கி, ஆறாண்டு கழித்தே ஒருவாறு முடிவு கண்டது. சிச்செஸ்ரர் மேற்றிராணியாராயிருந்த ஜோர்ஜ் பெல் பற்றிய வழக்கே அது. வழக்கு அயல்நாட்டது; அது உணர்த்தும் நெறி எந்நாட்டுக்கும் உரியது. ஆதலின், அச்சபையைச் சாராத யானும் அதனை ஈண்டு ஆராயப் புகுந்தேன்.

பெல் 1883ஆம் ஆண்டு பிறந்தவர். கன்ரபரிப் பேராலயத்தின் முதல்வராயிருந்து, பின்னர் 1929 முதல் 1958 வரை சிச்செஸ்ரர் மேற்றிராணியாராக விளங்கினார். ஆலயத்துக்கும் நாடகக் கலைக்கும் அறுந்துபோன தொடர்பை மீட்டும் இணைத்தவர்களுள் அவர் முதல்வர். எலியற் என்னும் கவிஞர் ‘பேராலயத்திற் கொலை’ என்ற நாடகத்தை 1935இற் கன்ரபரி விழாவுக்கு இயற்றியது பெல்லின் தூண்டுதலாலேயாம்.

ஹிற்லரின் ஆட்சியை எதிர்த்து நின்ற ஜேர்மன் திருச்சபையாருக்கு அவர் உற்ற துணைவராயிருந்தார். யூத மரபினர் என்ற காரணத்தால் ஒறுக்கப்பட்ட குருமாரையும் அவர்தம் குடும்பத்தாரையும் போருக்கு முன்னரே இங்கிலாந்துக்கு வருவித்துக் காத்தார். 1942ஆம் ஆண்டு சுவீடனிலே பொன்ஹோபர் என்னும் ஜேர்மன் போதகரைச் சந்தித்து, ஹிற்லரை வீழ்த்த முனைந்தவர்களின் செய்தியை வெளிநாட்டமைச்சர் ஈடனிடம் கொண்டு சேர்த்தவர் அவர். அமைச்சர் அதனை ஏற்றிலர். பொன்ஹோபர் 1945 ஏப்பிரில் 9ஆம் திகதி தூக்கிலிடப்பட்டார். அவர் தம் இறுதிச் செய்தியை அனுப்பியது பெல்லுக்கே. 1944 பெப்ரவரி 9ஆம் திகதி பிரபுக்கள் சபையில் எழுந்து, ஜேர்மன் நகரங்களை முழுவதுமாகக் குண்டெறிந்து அழித்தல் அறமன்று என்று பெல் பேசினார். தன் நாடு போரில் ஈடுபட்டிருக்கும்போது பகைநாட்டுக் குடிமக்களுக்காகப் பேசுதல் எளிய செயலன்று. கன்ரபரி அதிமேற்றிராணியார் பதவி அவருக்குக் கிட்டாமற்போனது இப்பேச்சினாலேயே என்று கருதுவார் பலர்.

நம்மவரோடும் அவருக்கு ஒரு தொடர்பு உண்டு. 1947 செப்டெம்பர் 27ஆம் திகதி சென்னையிலே தென்னிந்தியத் திருச்சபை உருவாயிற்று. யாழ்ப்பாணமும் அதில் ஓர் அங்கமாய், சபாபதி குலேந்திரன் அவர்களைத் தன் மேற்றிராணியாராகப் பெற்றது. பல மரபினர் ஒன்றுகூடிய அப்புதிய சபையை ஏற்பதா விடுவதா என்று இங்கிலாந்துத் திருச்சபை ஐயுற்று நின்ற காலத்தில், அதனோடு உறவு வேண்டும் என்ற பக்கத்தில் நின்றவர் பெல்.

இத்துணையும் யான் எடுத்துரைத்தது, இத்தகைய பெரியவர் குற்றஞ் செய்திரார் என்று சாதித்தற்கன்று. அவ்வாறு சாதிப்போர் பெல்லுக்கு நண்பர் போன்று தீங்கு செய்வோரே. பொதுவாழ்விற் பெருமை பெற்றவன் தனிவாழ்வில் தவறுதல் உலகத்திற் கண்டதே. அதற்குச் சான்று தேடித் தொலைதூரம் போகவேண்டுவதில்லை. அதே சிச்செஸ்ரர் மாவட்டமே சான்று. அங்கே லூயிஸ் நகர்க்குரிய மேற்றிராணியாராயிருந்த பீற்றர் போல் என்பவர் துறவி என்றும் தூயவர் என்றும் போற்றப்பட்டவர். இளைஞரை அவர் கெடுத்தது 1992இல் வெளிப்பட்டபோது, திருச்சபைத் தலைவர்கள் அவர் புகழையே நோக்கினார்களன்றி, முறையிட்டோர் கண்ணீரை நோக்கினாரிலர். 1993இற் பொலிசாரின் எச்சரிக்கையோடு அவர் பதவி துறந்து தப்பினார். 2015 ஒக்ரோபர் 7ஆம் திகதியே, தம் குற்றத்தை ஒப்புக்கொண்ட அவருக்கு 32 மாதச் சிறை விதிக்கப்பட்டது. புகழ் குற்றமின்மைக்குச் சான்றாகாது என்பதை இதனினும் தெளிவாகக் காட்டல் அரிது. பெல்லைக் காத்தற்கு நாம் துணைக்கொள்ள வேண்டுவது அவர் புகழையன்று; நீதி முறையையே.

இனி, வழக்கின் வரலாறு வருமாறு. 1940ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியிலும் 1950ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திலும், தாம் சிறுமியாயிருந்தபோது, மேற்றிராணியாரின் மாளிகையில் வைத்துப் பெல் தம்மிடம் தகாத முறையில் நடந்தார் என்று ஒரு பெண்மணி முறையிட்டார். முதலில் அவர் எழுதியது 1995இல். அப்போதே பெல் இறந்து 37 ஆண்டு கடந்திருந்தது. அம்முறைப்பாடு பொலிசாரிடம் ஒப்புவிக்கப்படவில்லை, ஆராயப்படவும் இல்லை. இது திருச்சபை செய்த முதற் பிழை; முறையிட்டவருக்குச் செய்த பிழை. பல ஆண்டு கழிந்தபின் அவர் மீண்டும் எழுதினார். இம்முறை திருச்சபை அவருக்கு 16,800 பவுண் நட்டஈடு கொடுத்து, 2015 ஒக்ரோபர் 22ஆம் திகதி பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. பீற்றர் போல் சிறை சென்று அன்றைக்குப் பதினைந்தாம் நாள்.

அந்த அறிக்கையை இலக்கணம் கற்றோர் நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். பெல் குற்றவாளி என்று வெளிப்படையாகக் கூறும் தொடர் அதில் இல்லை. ஆயினும் பணம் கொடுத்து மன்னிப்புக் கேட்டமையால், குற்றம் நிகழ்ந்தது என்னும் பொருள் குறிப்பாற் பெறப்பட்டது. பத்திரிகைகள் அக்குறிப்பையே தலைப்பாக்கின. பின்னர், நாங்கள் அப்படிச் சொல்லவில்லையே என்று திருச்சபையினர் சிலர் சொல்ல முற்பட்டனர். சொல்லாமற் சொல்லிவிட்டுச் சொல்லவில்லை என்பது சொல்லின் ஆற்றலை அறிந்தார்க்கு அழகன்று. அதன் பயன் யாதெனின், ஈஸ்ற்போண் நகரத்துப் பாடசாலை ஒன்று பெல்லின் பெயரைக் களைந்து வேறு பெயர் சூடிற்று. சிச்செஸ்ரர் பேராலயத்தைச் சார்ந்த இல்லமொன்றும் அவ்வாறே அவர் பெயரை இழந்தது. ஒரு பாடசாலையின் பெயர்ப்பலகை மாறுவது அங்குப் பயிலும் மாணவருக்கு எந்தப் பாடநூலினும் வலியதொரு பாடம். அப்பாடம் உண்மையானதா என்று ஆராய்ந்தார் எவரும் இலர்.

பெல்லின் வரலாற்றை அறிந்த அறிஞரும் சட்டத்தரணிகளும் குழுவாகக் கூடி, முடிவுக்கு அடிப்படை யாது என்று வினவத் தொடங்கினர். அவர்கள் விடாது வினவியதனால், கார்லைல் பிரபு என்னும் சட்ட அறிஞர் நடைமுறையை ஆராய நியமிக்கப்பட்டார். பெல் குற்றம் செய்தாரா இல்லையா என்று தீர்ப்பது அவர் பணியன்று. திருச்சபை முடிவுக்கு வந்த முறை தகுமா என்பதே அவருக்கு விடப்பட்ட வினா. 2017 டிசெம்பர் 15ஆம் திகதி வெளிவந்த அவர் அறிக்கை, திருச்சபை விரைந்து முடிவு கட்டிற்று என்றும், இரு பக்கத்துக்கும் ஒப்ப நடக்கும் முறையைக் கைக்கொள்ளவில்லை என்றும் கூறிற்று. பெல்லின் சார்பிற் பேச அக்குழுவில் ஒருவரும் இல்லை. 1950ஆம் ஆண்டளவில் அதே மாளிகையில் வதிந்து அவருக்கு உதவிக் குருவாயிருந்தவர் அப்போதும் உயிரோடிருந்தார். அவரை எவரும் தேடிச் சென்றிலர். பெல்லின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய அன்றூ சாண்ட்லரை எவரும் வினவவில்லை. பெல்லின் ஆவணங்கள் இலம்பெத் மாளிகை நூலகத்திலே நூற்றுக்கணக்கான தொகுதிகளாகக் கிடந்தன. இச்சான்றுகளைக்கொண்டு வழக்குத் தொடுத்திருப்பின் வெற்றிக்கு வாய்ப்புக் குறைவே என்பதும் கார்லைல் பிரபுவின் கணிப்பு.

சிலப்பதிகாரத்து வழக்குரை காதையைப் பாடஞ் சொல்லுங்காலை, பாண்டியன் கொடியவனா என்று மாணவர் வினவுவதுண்டு. அல்லன் என்றே யான் விடை கூறுவது. அவன் கோவலன்மீது பகை கொண்டவன் அல்லன்; பொய்யென்று அறிந்தும் கொலை புரிந்தவன் அல்லன். தேவியின் ஊடலைத் தணிக்கும் வேட்கையோடு செல்லும் வழியிலே, பொற்கொல்லன் சொற் கேட்டான், ஆராயாமல் ஆணையிட்டான். சிலம்பு இருந்தது, அதனுள் இருப்பது முத்தா மாணிக்கமா என்று உடைத்துப் பார்க்க ஒரு நாழிகை போதும். அந்த ஒரு நாழிகையை அவன் கொடுத்திலன். அவன் உள்ளம் வழக்கில் இருந்ததில்லை. தன் மனையின் கலக்கத்தில் இருந்தது.

இந்த உவமையைக் கொண்டு முறையிட்ட பெண்மணியைப் பொற்கொல்லனோடு ஒப்பிடலாகாது. பொற்கொல்லன் தன் களவை மறைக்கப் பொய் சொன்னவன். அப்பெண்மணியோ தம் உள்ளத்தில் நெடுநாட் கிடந்த துன்பத்தைச் சொன்னவர். அவர் பொய்யுரைத்தார் என்று கூற எவர்க்கும் உரிமையில்லை. யான் ஒப்பிடுவது அரசனையும் திருச்சபையையுமே. பீற்றர் போல் வழக்கினால் நேர்ந்த நாணம் திருச்சபையின் மனையைக் கலக்கியிருந்தது. முன்னர் நம்பாதிருந்த குற்றத்துக்குக் கழுவாயாக இப்போது உடனே நம்பிவிடுதல் வேண்டும் என்று அது கருதிற்று. ஆயின், ஆராயாது மறுத்தலும் ஆராயாது ஏற்றலும் இரு வேறு குணங்கள் அல்ல. ஒரே குற்றத்தின் இரு முகங்கள். முதலாவது முறையிட்டோனைக் கைவிடுகிறது. இரண்டாவது குற்றஞ் சாட்டப்பட்டோனைக் கைவிடுகிறது. இரண்டிலும் உண்மை கைவிடப்படுகிறது.

கார்லைல் அறிக்கை வெளிவந்த பின்னரும் வழக்கு அடங்கிற்றில்லை. அக்காலத்துக் கன்ரபரி அதிமேற்றிராணியார் ஜஸ்ரின் வெல்பி, நடைமுறைப் பிழைகளுக்கு வருந்தினாரேனும், பெல்லின் பெயர்மீது பெரியதொரு முகில் கவிந்திருப்பதாகக் கூறினார். அச்சொல்லை மீட்டுக்கொள்ளுமாறு வரலாற்றறிஞர் பலர் 2018 ஜனவரியில் வேண்டியும் அவர் உடன்பட்டிலர். முகில் என்பது எத்தகைய சொல்? குற்றவாளி என்றால் மறுக்கலாம். குற்றமற்றவர் என்றால் மகிழலாம். முகில் என்றாலோ மறுக்கவும் இயலாது, மகிழவும் இயலாது. அதே மாத இறுதியிற் புதிய தகவல்கள் வந்துள்ளன என்று அறிவிக்கப்பட்டது. அவற்றைப் பிறைடன் என்னும் திருச்சபைச் சட்ட அறிஞர் ஆராய்ந்து, ஆதாரமற்றவை என 2019 ஜனவரியில் முடிவுரைத்தார். அப்போது வெல்பி மன்னிப்புக் கேட்டார். ஆயினும் முகிலை முற்றாக நீக்கினாரல்லர். 2021 நவம்பரிலேயே, தாம் அங்ஙனம் கூறியது தவறு என்று ஒப்புக்கொண்டு, கன்ரபரிப் பேராலயத்திற் பெல்லின் சிலை நிறுவப்படும் என்று அறிவித்தார். அவ்வெல்பியே, சிமித் என்பவரின் கொடுமைகள் பற்றிய முறைப்பாட்டை உரியவாறு தொடரத் தவறினார் என்ற கண்டனத்தின் பின் 2024 நவம்பரிற் பதவி துறப்பதாக அறிவிக்க நேர்ந்தது. ஓரிடத்தில் விரைவும் மற்றோரிடத்தில் மந்தமும் ஒருவர் காலத்திலேயே நிகழ்ந்தன. ஆராயும் முறை நிலைபெறாத இடத்தில் இவ்விரண்டும் மாறிமாறி வருதல் இயல்பே.

இங்கு ஒரு தடை நிகழ்த்தப்படலாம். மறைந்தவருக்காக இத்துணை வாதாடினால், கொடுமைக்குள்ளான எளியோர் வாய்திறக்க அஞ்சுவரன்றோ? பெரியோர் பெயரைக் காத்தற்கென்றே எத்தனை குழந்தைகளின் வாய் அடைக்கப்பட்டது! இத்தடை வலியது; இதனை எள்ளி நகையாடுதல் தகாது. ஆசிரியத் தொழிலில் முதிர்ந்த எவரும், ஒரு பிள்ளை தயங்கித் தயங்கிச் சொல்வதைச் செவிகொடுத்துக் கேட்கும் பெரியவர் எத்துணை அரியர் என்பதை அறிவர். ஆயின், செவிகொடுத்துக் கேட்டல் வேறு, தீர்ப்பளித்தல் வேறு. முறையிடுவோரை அன்போடு ஏற்றல், அவருக்கு வேண்டும் துணையும் மருத்துவமும் உதவுதல், அவர் பெயரை மறைத்துக் காத்தல் என்பன முதல் நாளே செய்யத்தக்கன. அவற்றுக்குத் தீர்ப்பு வேண்டுவதில்லை. தீர்ப்போ ஆராய்ச்சிக்குப் பின் வருவது. ஆராயாது அளித்த தீர்ப்பு முறையிட்டோருக்கும் துணையாகாது. 1995இலேயே அப்பெண்மணியின் முறைப்பாட்டை ஒழுங்காக ஆராய்ந்திருந்தால், அம்மாளிகையை அறிந்த சான்றோர் பலர் அன்று இருந்திருப்பர். அவர்க்கும் பெல்லுக்கும் ஒருங்கே நீதி கிடைத்திருக்கும். இருவரும் இழந்தது ஒன்றையே.

பொறுப்பை ஏற்காது பணம் கொடுத்து இணங்கும் வழக்குகளிற் குற்றஞ் சாட்டப்பட்டவர் பெயரை வெளியிடலாகாது என்பது கார்லைல் பிரபு கூறிய வழிகளுள் ஒன்று. அதனோடு யான் சேர்க்க விரும்புவது இஃதொன்றே: மறைந்தவர்மீது முறைப்பாடு எழும்போதெல்லாம், அவர் பக்கத்துச் சான்றைத் தேடித் தருதற்கென்றே ஒருவர் நியமிக்கப்படல் வேண்டும். அவர் மறைந்தவரைப் புகழ்தற்கு வருபவர் அல்லர். நாட்குறிப்பையும் கடிதத்தையும் உயிரோடிருக்கும் சாட்சியையும் மன்றத்தின் முன் வைப்பவர். சான்று குற்றத்தைக் காட்டுமாயின், எத்துணைப் பெரிய பெயராயினும் பலகையிலிருந்து அழிக்கப்படுக. காட்டாதாயின், ஐயம் என்னும் நிழலைக்கூட அப்பெயர்மீது விட்டுவைத்தல் அறமன்று. செங்கோன்மை கூறப்புகுந்த வள்ளுவனார் ஆராய்தலையே முதலில் வைத்தார். கண்ணோடாமையை அதன்பின் வைத்தார். அந்த வரிசை உயிருள்ளோர்க்கு மட்டும் உரியதன்று.