விடுதலையான பிறகும்

"கஞ்சா கேஸ் போட்டுருவேன்." சேரியில் வளர்ந்த எந்தப் பையனும் இந்தக் குரலைக் கேட்காமல் இருந்திருக்க மாட்டான்.

1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி, சரக்கு கையில் இருந்தது என்று போலீஸ் காட்டிவிட்டால் போதும். தெரியாமல் வைத்திருந்தேன் என்பதை அவன்தான் நிரூபிக்கணும். கஞ்சா 20 கிலோவுக்கு மேல் என்றால் குறைந்தது 10 வருஷம். ஜாமீன் குதிரைக்கொம்பு. எதிரே நிற்பவனுக்கு மிஞ்சுவது சில நடைமுறைகள்தான். உடம்பைச் சோதிக்கும் முன், 'மாஜிஸ்திரேட் அல்லது கெசட்டட் அதிகாரி முன்னால் சோதனை கேட்க உனக்கு உரிமை உண்டு' என்று சொல்ல வேண்டும். 50ஆம் பிரிவு. இது கட்டாயம் என்று 1999இல் உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் சொன்னார்கள். இதை மீறியதால் ஒருவன் விடுதலையானால் 'ஓட்டை வழியாகத் தப்பினான்' என்று எழுதுகிறார்கள். பிடித்தவன் போலீஸ், எழுதியவன் போலீஸ், சாட்சியும் போலீஸ். எது ஓட்டை?

அத்தோடும் விடுவதில்லை. அரசு மேல்முறையீடு போகிறது. 2014இல் ராஜஸ்தான் அரசு அப்படிப் போய்த் தோற்றது. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே தாளில் உரிமையைச் சொன்னது செல்லாது என்றார்கள். 2019இல் பஞ்சாப் அரசு ஜெயித்தது. உடம்புச் சோதனையில் தவறு நடந்திருந்தாலும் வண்டியில் எடுத்த மூட்டைகளுக்கு 50ஆம் பிரிவு பொருந்தாதாம். பைக்கும் பொருந்தாது என்று 2005லேயே சொல்லியாச்சு. உடம்பு வேறு, பை வேறு. நம்ம ஆள் பையைத் தோளில்தானே மாட்டியிருக்கிறான்!

மேல்முறையீடே கூடாது என்று நாம் சொல்ல முடியாது, தோழர்களே. லட்சுமண்பூர் பாத்தேயில் 1997இல் 58 பேரைக் கொன்ற வழக்கில் 26 பேரை பாட்னா உயர்நீதிமன்றம் 2013இல் விடுவித்ததே, அங்கே மேல்முறையீடு வேண்டும் என்கிறவர்கள் நாம்தான். ஆனால் விடுதலையானவனை நிரபராதி என்று கருதுவதற்கு மேலும் வலு கூடுகிறது, இரண்டு விதமாகப் பார்க்க முடிந்தால் விடுதலையில் கைவைக்கக் கூடாது என்று 2007இல் சொன்னதும் இதே உச்சநீதிமன்றம்தான். அதை எடுத்துச் சொல்ல அவன் பக்கம் ஒரு வக்கீல் நிற்க வேண்டுமே.

நோட்டீஸ் பழைய முகவரிக்குப் போகும். குடிசையை இடித்து ஊருக்கு வெளியே தூக்கிப் போட்டிருப்பார்கள். மேல்முறையீடு முடிவதற்குள்ளேயே அவனைப் பிடித்து வரச் சொல்ல உயர்நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. நாமோ, வன்கொடுமை வழக்கென்றால் வேன் பிடித்துப் போகிறோம். கஞ்சா வழக்கென்றால் 'இயக்கத்துப் பேரு கெட்டுடும்' என்று ஒதுங்குகிறோம்.

1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு, உயர்நீதிமன்றத்திலும். தீர்ப்பு வாங்கிக்கொண்டு வெளியே வருகிற பையனிடம் இதைச் சொல்லுங்கள். வீடு மாறினா வக்கீல்கிட்ட சொல்லிட்டுப் போடா என்பதையும்.