துறைமுகம் யாருடையது?

விருந்தினரை வாயிலில் நின்று வரவேற்பது தமிழர் பண்பு. ஆயின், எத்தனை பேர் வரலாம், எவ்வளவு நேரம் தங்கலாம் என்பதை வீட்டாரைக் கேளாமல் வெளியார் முடிவு செய்வாராயின், அது விருந்தோம்பல் ஆகாது.

2023ஆம் ஆண்டு ஜூன் மாதம் சென்னையிலிருந்து புறப்பட்ட 'எம்பிரஸ்' என்னும் உல்லாசப் பயணக் கப்பல் காங்கேசன்துறைக்கு வந்தது. கப்பல் வந்தால் செல்வம் வரும் என்பது பலருடைய நம்பிக்கை. அந்நம்பிக்கையை நாம் பழிக்கவில்லை. கணக்கைப் பார்த்தபின் மகிழ்வோம் என்றே சொல்லுகிறோம்.

இத்தகைய கப்பலிற் பயணிகள் உண்பதும் உறங்குவதும் கப்பலிலேயே. கரையில் அவர்கள் நிற்பது சில மணி நேரம். ஊர் சுற்றும் பயணத்தையும் பெரும்பாலும் கப்பற் கம்பனியே விற்றுத் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. ஊருக்கு மிஞ்சுவது வண்டிக் கூலியும், சில்லறை வியாபாரமும், நெரிசலும், குப்பையுமே. நம் கமக்காரரின் வெங்காயத்தையும் மரக்கறியையும் கப்பலின் சமையற்கூடம் வாங்குமா? கேட்டவர் யார்?

அமெரிக்காவில், புளோரிடாவின் தென்கோடியிலுள்ள கீ வெஸ்ற் நகரத்தவர் இக்கேள்விகளைக் கேட்டனர். ஏறத்தாழ 26,000 மக்கள் வாழும் சிறு தீவு அது. பெருங்கப்பல்கள் கடலடிச் சேற்றைக் கிளறுவதால் முருகைக் கற்பாறைகளுக்கும் மீன்வளத்துக்கும் கேடு என்று கடலை நம்பி வாழ்வோர் முறையிட்டனர். 2020 நவம்பரில் வாக்கெடுப்பு நிகழ்ந்தது. நாளொன்றுக்கு 1,500 பயணிகளுக்கு மேல் இறங்கலாகாது; 1,300 பேருக்கு மேல் ஏற்றும் கப்பல் வரலாகாது. நூற்றுக்கு 60க்கு மேற்பட்ட வாக்குகளால் மக்கள் அளித்த தீர்ப்பு இது.

நிகழ்ந்தது என்ன? மறு ஆண்டே மாநிலச் சட்டசபை புதிய சட்டமொன்றால் அத்தீர்ப்பைச் செல்லாததாக்கிற்று! எனினும் நகரம் சோர்ந்துவிடவில்லை. 2022இல் தன் ஆட்சியிலிருந்த துறைகளில் பெருங்கப்பல்களை ஏற்பதை நிறுத்திற்று. தனியார் துறை ஒன்றே எஞ்சியது.

இதிலிருந்து நாம் கற்கவேண்டிய பாடம் ஒன்றுண்டு. கீ வெஸ்ற் மக்களுக்கு வாக்களிக்கவாவது ஒரு வாய்ப்பிருந்தது. நமக்கு? 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தத்தின்படி துறைமுகங்கள் மத்திய அரசுக்கே உரியன. காங்கேசன்துறையை அடுத்த மயிலிட்டித் துறைமுகம் 27 ஆண்டுகளின் பின், 2017இலேயே மக்களுக்குத் திரும்பக் கிடைத்தது. வலிகாமம் வடக்கில் இன்றும் தம் காணிக்குத் திரும்பாதோர் உளர். உரியவன் காணிக்கு வெளியே நிற்க, உல்லாசப் பயணி உள்ளே வருவது நீதியா?

கப்பல் வேண்டாம் என்று நாம் கூறவில்லை. ஒரு நாளில் எத்தனை பேர் இறங்கலாம் என்பதைப் பிரதேச சபை தீர்மானிக்கட்டும். கப்பற் பாதையைக் குறிக்குமுன் கடற்றொழிலாளரைக் கேட்கட்டும். ஒவ்வொரு பயணியிடமும் அறவிடும் வரியில் ஒரு பங்கு, கிணற்று நீரை நம்பி வாழும் அவ்வூர்களின் நீரையும் தெருவையும் பேணுதற்கு அச்சபையைச் சேரட்டும்.

இவற்றைக் கேட்கவேண்டிய காலம் இதுவே. கப்பல்கள் வரிசையாக நின்றபின் பேசுவோமாயின், கம்பனியின் இலாபமே பேசும். ஊரின் குரல் எடுபடாது. வைத்தியரும், வழக்கறிஞரும், கமக்காரரும், கடற்றொழிலாளரும் ஒன்றுகூடி இன்றே பேசுவார்களாக!